பழைய வீட்டை எந்த அறையிலிருந்து திருத்தத் தொடங்குவது?

வாசகர் கேள்வி – பதில்

மழை சற்று ஓய்ந்ததும் மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய வீடுகளைத் திருத்துவது பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். கடிதங்களைச் சுருக்கித் தந்துள்ளேன்.

கேள்வி: நாங்கள் வாங்கியிருக்கும் வீடு 1930களில் தோட்ட வைத்தியர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது என்று கூறுகிறார்கள். கருங்கல் சுவர், தகரக் கூரை, பலகைத் தரை, ஆறு அறைகள். அங்கேயே குடியிருந்துகொண்டு, கையில் பணம் சேரச் சேர ஒவ்வோர் அறையாகத் திருத்த விரும்புகிறோம். விருந்தினர் வந்து அமரும் முன்னறையை முதலில் முடிப்போம் என்கிறார் கணவர். சமையலறையில் தொடங்க வேண்டும் என்பது என் விருப்பம். எது சரி, ஐயா?
— வாசகி, பண்டாரவளை

பதில்: இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு, அம்மா. எனினும் இரண்டு அறைகளுமே சிறிது காத்திருக்க வேண்டும். மலைநாட்டில் பழைய வீட்டைக் கெடுப்பது தண்ணீர். அது கூரை வழியாக மேலிருந்தும், அத்திவாரத்தின் வழியாகக் கீழிருந்தும், வீட்டின் பின்னால் உள்ள மேட்டிலிருந்து பக்கவாட்டிலும் வருகிறது. இந்த மூன்று வழிகளையும் சரிசெய்யாமல் உள்ளே பூசும் சாந்தும் அடிக்கும் வர்ணமும் அடுத்த மழைக்காலத்தைத் தாண்டுவதில்லை. ஆகவே முதற் பணத்தைக் கூரைக்கும், வீட்டைச் சுற்றி நீர் வடியும் கானுக்கும், பின்மேட்டுக்கும் செலவிடுங்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ஆனால் வீட்டின் ஆயுள் அந்த வேலையில்தான் இருக்கிறது.

கூரையைப் பார்க்கும்போது தகரத்தின் நடுப்பகுதியை விட்டுவிட்டு, ஆணி அடித்த துளைகளையும் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களையும் பாருங்கள். துரு அங்குதான் தொடங்கும். தகரம் நன்றாக இருந்து ஆணிகள் மட்டும் தளர்ந்திருந்தால், அவற்றை அகற்றிவிட்டு இறப்பர் வாஷருடன் கூடிய திருகாணிகளை வளைவின் முகட்டில் முடுக்கினாலே பல ஒழுக்குகள் நின்றுவிடும். பள்ளத்தில் அடித்த ஆணி தண்ணீரை வீட்டுக்குள் அழைத்து வரும். கைமரங்களையும் அவற்றின் குறுக்கே அடித்த ரீப்பைகளையும் சீலிங் பலகைக்கு மேலே ஏறி, பகல் வெளிச்சத்தில் ஓர் உளியால் குத்திப் பார்க்க வேண்டும். உளி எளிதில் இறங்கும் இடத்தில் மரம் போய்விட்டது. சுவர்மீது கைமரம் அமரும் முனையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பழைய வீடுகளில் முதலில் உளுத்துப்போவது பெரும்பாலும் அந்த முனையே.

கூரையைத் திறக்கும் மாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை கொட்டும். அங்குள்ளோர் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில் கூரை வேலையை முடித்துவிட வேண்டும். தாங்கள் இருப்பதோ ஊவாப் பக்கம். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெருமழை. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறட்சி. ஆகவே ஹட்டனில் உள்ள உறவினர் சொல்லும் மாதம் தங்களுக்குப் பொருந்தாது. ஆனால் அந்த வறண்ட மாதங்களில் ஹப்புத்தளைக் கணவாய்ப் பக்கமாகக் காற்று பலமாக வீசும் என்பதால், ஒரு நாளில் மூடக்கூடிய அளவு தகரத்தை மட்டுமே கழற்றச் சொல்லுங்கள்.

அடுத்தது கான். பல ஆண்டுகளாகப் பூப்பாத்தியும் கழுவி வந்த மண்ணும் சேர்ந்து, வீட்டைச் சுற்றிய நிலம் உள்தரையின் மட்டத்துக்கே உயர்ந்திருக்கும். அந்த மண்ணை அகற்றி, வெளிநிலம் உள்தரைக்குக் குறைந்தது 6 அங்குலமாவது கீழே இருக்கும்படி செய்யுங்கள். கானுக்கு நூறு அடிக்கு ஓர் அடியாவது சரிவு வேண்டும். கூரைப் பீலியிலிருந்து விழும் நீர் சுவரோரத்தில் தேங்காமல் அந்தக் கானுக்கே போய்ச்சேர வேண்டும்.

பின்மேட்டில் மட்டும் தாங்களாக மண்வெட்டியை வைக்க வேண்டாம். இடம் விசாலமாக வேண்டும் என்று மேட்டின் அடியை வெட்டியதால் சரிந்த வீடுகள் நம் மாவட்டங்களில் ஏராளம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் ஒரு லயத்தொகுதியையே, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளையே, மண் மூடியதை மலையகத்தில் எவரும் மறக்க முடியாது. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று தோன்றிய ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், காரணமின்றி இறுகிக்கொள்ளும் கதவு ஆகியவற்றில் எதைக் கண்டாலும், வேலையை நிறுத்திவிட்டு மாவட்டத்தில் உள்ள தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவன அலுவலகத்துக்கு அறிவியுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல், 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராதல், 150ஐத் தாண்டினால் வெளியேறுதல் என்பது அந்நிறுவனம் கடைப்பிடிக்கும் அளவுகோல். மேட்டடி வீட்டுக்காரர்கள் இந்த மூன்று எண்களையும் சமையலறைச் சுவரில் எழுதி வைப்பது நல்லது.

இவை முடிந்த பின்னரே அறைகள். முதலில் ஒரேயொரு படுக்கையறையைச் சுத்தம் செய்து பூட்டக்கூடியதாக்குங்கள். வேலை நடக்கும் காலம் முழுவதும் குடும்பமும் பெட்டி படுக்கையும் அங்கேதான் இருக்கப் போகின்றன. பிறகு குளியலறையும் சமையலறையும் ஒன்றாக. நீர்க்குழாய்களும் கழிவுக்குழாய்களும் அங்கேதான் போகின்றன; அவற்றைத் தனித்தனியாகச் செய்தால் ஒரே சுவரை இருமுறை உடைக்க நேரும். மின்சாரத்தை மட்டும் அறை அறையாக யோசிக்கக் கூடாது. பழைய வீட்டில் மரச்சட்டத்துக்குள் ஓடும் இறப்பர் உறையிட்ட கம்பிகள் இருந்தால், அந்த இறப்பர் காய்ந்து தொட்டாலே உதிரும் நிலையில் இருக்கும். முதன்மை மின்பலகையையும், மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்சையும், கம்பி செல்லும் பாதைகளையும் முழு வீட்டுக்கும் முதலிலேயே திட்டமிட்டு, ஒவ்வோர் அறையைத் திறக்கும்போதும் அதற்குரிய பகுதியை இழுத்துக்கொள்ளலாம்.

முன்னறை கடைசியாகவே வர வேண்டும். சீமெந்துப் பையும் மணலும் பலகையும் அதன் வழியாகவே உள்ளே போகும்; அதை முதலில் முடித்தால் மறுபடியும் முடிக்க நேரும். தங்கள் கணவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹப்புத்தளை அதிஷம் பங்களாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அந்தக் கல்வீடு இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அவர்கள் வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்வையாளருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். பழைய மரவேலையையும் தளபாடங்களையும் மாற்றாமல் பேணினாலே ஓர் அறை எவ்வளவு கம்பீரமாக இருக்கும் என்பதை அங்கே காணலாம். அதைப் பார்த்துவிட்டு வந்தால் முன்னறைக்குச் செய்ய நினைத்திருப்பவற்றில் பாதி தேவையில்லை என்று அவருக்கே தோன்றக்கூடும்.

கேள்வி: எங்கள் பாட்டனார் காலத்து வீட்டின் உட்சுவரில் பழைய சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்ததால், அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சீமெந்து பூசி, ஈரம் புகாது என்று கூறப்படும் பெயின்ட்டும் அடித்தோம். இரண்டு மழைக்குள் பெயின்ட் கொப்பளித்து, சீமெந்து பாளமாகக் கழன்று விழுகிறது. ஈரமும் முன்னைவிட மேலே ஏறிவிட்டது. மேசன் பாஸ் இன்னும் தடிப்பாகப் பூசச் சொல்கிறார்.
— வாசகர், ஹட்டன்

பதில்: தயவுசெய்து பூச வேண்டாம். இதே துன்பத்தை விவரித்து இன்னும் பல கடிதங்கள் வந்திருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கள் பாட்டனார் காலத்துச் சுவரில் கருங்கல்லை இணைத்திருப்பது சுண்ணாம்பு அல்லது மண் சாந்து. அத்திவாரத்தில் ஈரத்தடுப்புப் படை இல்லை. நிலத்தின் ஈரம் கல்லின் வழியாக ஏறாது. இணைப்புச் சாந்தின் வழியாக ஏறும். அப்படி ஏறிய ஈரம் மென்மையான சுண்ணாம்புப் பூச்சின் வழியாக வெளியேறிக் காற்றில் காய்ந்துவிடும் என்ற கணக்கிலேயே அந்தச் சுவரைக் கட்டினார்கள். சீமெந்து இறுக்கமானது. அதைப் பூசியதும் ஈரம் வெளியேற வழியின்றி, வழி கிடைக்கும் உயரம் வரை மேலே ஏறும். நீரோடு வந்த உப்புகள் பூச்சின் பின்புறத்தில் படிகமாகி அதைத் தள்ளும். தாங்கள் கண்ட கொப்பளமும் பாளமும் இவைதான். தடிப்பாகப் பூசினால் ஈரம் சீலிங் வரை போகும். அங்கே கைமர முனைகளைத் தொட்டுவிட்டால் செலவு பன்மடங்காகும்.

முதலில் வெளிக்கானையும் பீலியையும் முந்தைய பதிலில் கூறியபடி சரிசெய்யுங்கள். பிறகு ஈரக்கறை தெரியும் உயரத்துக்கு மேலும் 3 அடி வரை சீமெந்தை மெதுவாகக் கொத்தி எடுத்துவிட்டு, சுவரை ஒரு வறண்ட காலம் முழுவதும் வெறுமையாக விடுங்கள். வீட்டுக்கு வருவோர் பார்த்து ஏதேனும் சொல்வார்கள், பொருட்படுத்த வேண்டாம். தளர்ந்த இணைப்புகளைச் சுரண்டி, சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்ற சாந்தால் நிரப்பி, அதே சாந்தை அரை அங்குலத்துக்கு மேற்படாத படைகளாகப் பூச வேண்டும். ஒரு படை இறுகிய பிறகே அடுத்தது. ஈரச்சாக்குத் தொங்கவிட்டு ஒரு வாரமேனும் திடீரென்று காயாமல் காக்க வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சித்தான் மறுபடியும் கல்லாகிறது. அதற்குக் கொஞ்சம் ஈரமும் நிறையப் பொறுமையும் தேவை.

ஹட்டன் போன்ற மழையூரில் வெறும் சுண்ணாம்பு இறுக நாளாகும். அதற்குப் பழைய கொத்தனார்கள் அறிந்திருந்த வழி, நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த பொடியைச் சாந்தில் கலப்பது. செங்கற்பொடி சேர்ந்த சுண்ணாம்பு ஈரத்திலும் இறுகும். அதேவேளை சீமெந்தைப் போல ஈரத்தை அடைத்து வைக்காது. மேசன் பாஸ் ‘கொஞ்சம் சீமெந்து கலந்தால் போதும்’ என்று கூறினால், இந்தப் பொடியைக் கலக்கச் சொல்லுங்கள்.

சுண்ணாம்பை வாங்குவதிலும் கவனம் வேண்டும். முன்னர் தென்மேற்குக் கரையின் பவளக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பு இங்கும் வந்தது; கடலிலிருந்து பவளக்கல் அகழ்வது இப்போது சட்டப்படி தடை. மாத்தளை, திகன போன்ற பகுதிகளில் கிடைக்கும் கல் பெரும்பாலும் டொலமைட் வகை. அதில் மக்னீசியம் அதிகம். மக்னீசியம் உள்ள சுண்ணாம்பு மெதுவாகவே நீறும், அதாவது நீரேறிக் குழையும். அவசரப்பட்டுப் பூசினால், நீறாத மணிகள் மாதங்கள் கழித்துச் சுவரிலேயே நீறிப் பருத்து, சிறு சிறு குழிகளாக வெடிக்கும். ஆகவே குழியில் நீரூற்றி, குறைந்தது ஒரு மாதம் ஊறவிட்டு, வெண்ணெய்ப் பதத்துக்கு வந்த பிறகு மெல்லிய சல்லடையில் வடித்துப் பயன்படுத்துங்கள். சுண்ணாம்பு கண்ணையும் தோலையும் சுடும். நீற்றும்போது குழந்தைகளைக் கிட்ட விடவே கூடாது.

மேற்பூச்சுக்கு மெல்லிய சுண்ணாம்பு வெள்ளையை நான்கு அல்லது ஐந்து முறை அடித்தால் போதும். நிறம் வேண்டுமானால் காவியோ மஞ்சட்காவியோ சேர்க்கலாம். பிளாஸ்டிக் வகைப் பெயின்ட் அந்தச் சுவருக்கு இனி வேண்டாம்.

கேள்வி: முன்னறையில் உள்ள கணப்பு எரிந்தால் அறை முழுவதும் புகை. அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, குளிருக்குக் கரியடுப்பு வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், நுவரெலியா

பதில்: கரியடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: மூடிய அறைக்குள் அதை ஒருபோதும் வைக்காதீர்கள். எரியும் கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. குளிருக்குக் கரித்தணலை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் விழித்தெழாத செய்திகள் தங்கள் ஊரிலிருந்தே வந்திருக்கின்றன.

கணப்புப் புகைவதற்குக் காரணம் பெரும்பாலும் எளியது. புகைபோக்கிக்குள் பறவைக்கூடோ பல ஆண்டுக் கரிப்படிவோ இருக்கலாம். விறகு ஈரமாக இருக்கலாம். புகைபோக்கியின் வாய் கூரை முகட்டைவிடத் தாழ்ந்து, காற்று அதன்மேல் கவிழலாம். முகட்டைவிட 2 அல்லது 3 அடி உயர்ந்து நிற்பது நல்லது. பின்னாளில் கூரையை உயர்த்தியவர்கள் புகைபோக்கியை உயர்த்த மறந்துவிட்ட வீடுகளும் உண்டு. சுத்தம் செய்த பிறகு, ஒரு வாளித் தண்ணீரையும் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிறு தாளைக் கொளுத்திப் புகை மேலே இழுபடுகிறதா என்று பாருங்கள். கணப்பின் பக்கத்து மரவேலையோ கூரை மரமோ புகைபோக்கியின் செங்கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதைத் திருத்தும்வரை நெருப்பு மூட்ட வேண்டாம்.

இறுதியில் பயன்படுத்துவதில்லை என்றே முடிவெடுத்தாலும் முற்றாக அடைக்காதீர்கள். மேலே மழைத் தொப்பியும் கீழே சிறு காற்றுத் துளையும் இல்லாவிட்டால், உள்ளே தேங்கும் ஈரம் சுவரில் பழுப்புக் கறையாக வெளிவரும்.

கேள்வி: பின்பக்க அறைகளுக்கு எண்பதுகளில் அஸ்பெஸ்டஸ் தகடு போட்டிருக்கிறார்கள். பாசி பிடித்திருக்கிறது. சுரண்டிக் கழுவி வர்ணம் அடிக்கலாமா?
— வாசகர், தலவாக்கலை

பதில்: சுரண்டக் கூடாது, உயர் அழுத்தத் தண்ணீர்ப் பீச்சியாலும் கழுவக் கூடாது. உடையாத தகடு அமைதியாக இருக்கும்வரை ஆபத்துக் குறைவு. அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உலர்ந்த நிலையில் தேய்க்கும்போதும் கிளம்பும் நுண்ணிழைகளே நுரையீரலைக் கெடுக்கின்றன. அஸ்பெஸ்டஸின் எல்லா வகைகளும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மாற்றும் வசதி வரும்போது, தகட்டை நனைத்து, திருகுகளைக் கழற்றி, முழுத் தகடாகவே கீழிறக்கி, தடித்த பொலித்தீனில் சுற்றிவிட வேண்டும். துணி முகக்கவசம் போதாது. இழைகளைத் தடுக்கும் தரமான கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளைப் பாதைக் குழிகளுக்குப் போட்டு நிரப்பும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து எவரும் தொடர வேண்டாம். அந்தப் பாதையில் நடப்பவர்கள் நம் பிள்ளைகள். பிரதேச சபையிடம் எங்கே ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

கேள்வி: பலகைத் தரை சில இடங்களில் அமுங்குகிறது. எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுக் கொங்கிறீட் போட்டு மாபிள் பதிக்கும்படி ஆலோசனை கூறுகிறார்கள்.
— வாசகி, பதுளை

பதில்: வீட்டுக்கு வெளியே போய், தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் சிறு காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். மண்ணாலும் பூச்செடிகளாலும் அவை மூடப்பட்டிருக்கும். பலகைக்குக் கீழே காற்றோட்டம் நின்றதே உளுப்புக்குக் காரணம். துளைகளைத் திறந்து எலி புகாமல் வலையடித்துவிட்டால், நோயின் வேர் போய்விடும். பிறகு ஓரிரு பலகைகளைக் கழற்றி, கீழேயுள்ள தாங்கு மரங்களையும் அவை அமர்ந்திருக்கும் கல்தூண்களையும் பாருங்கள். தூணிலிருந்து மண்குழாய் ஏறினால் கறையான். மாவு போன்ற பொடி உதிர்ந்தால் வண்டு. கெட்ட நீளத்தை மட்டும் வெட்டி, அதே பருமனுள்ள உலர்ந்த பலாப் பலகையால் ஈடுசெய்து, தூணுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு தகரத் துண்டை வைத்துவிடச் சொல்லுங்கள். பலகைமேல் ஒட்டியிருக்கும் லினோலியம் விரிப்பை உடனே எடுத்துவிடுங்கள். கொங்கிறீட் போட்டால், கீழே தேங்கும் ஈரத்துக்குச் சுவர் ஒன்றே வழியாகும்; பிறகு தாங்களும் ஹட்டன் வாசகரைப் போல எழுத நேரும்.

கேள்வி: நாங்கள் இருப்பது நூறு வருடத்துக்கு முந்தைய லயம். எங்கள் காம்பராவையும் (அறையையும்) இஸ்தோப்பையும் (முன் திண்ணையையும்) மட்டும் நல்லபடியாகத் திருத்திக்கொள்ள முடியுமா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: முடியும். ஆனால் லயத்தில் ஒரு காம்பரா தனி வீடு இல்லை என்பதை நினைவில் வைத்துத் திட்டமிட வேண்டும். கூரை ஒன்று, கைமரம் ஒன்று, பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடாமலே நின்றுவிடும். ஒரு காம்பராவில் பற்றும் தீ அந்த இடைவெளி வழியாக வரிசை முழுவதையும் எரித்ததை மலையகம் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. ஆகவே தங்கள் பணத்தில் முதற்பகுதியை மின்கம்பிக்கும் ட்ரிப் சுவிட்சுக்கும், அடுத்ததை இடைச்சுவரைக் கூரை வரை செங்கல்லால் உயர்த்துவதற்கும் ஒதுக்குங்கள். இருபக்கத்து அயலவரும் சேர்ந்தால் செலவு பங்காகும். தோட்ட நிர்வாகத்தின் அனுமதியை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் பெற்று, செலவுச் சிட்டைகளைப் பத்திரப்படுத்துங்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டுக்கு இன்னும் உறுதிப்பத்திரம் இல்லாதவர்களின் கையில் அந்தத் தாள்களாவது இருக்க வேண்டும். இஸ்தோப்பை அடைத்து அறையாக்குவதானால், உள்காம்பராவுக்கு வெளிச்சமும் காற்றும் வர ஒரு யன்னலோ கூரையில் ஒளிபுகும் தகடோ கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு 120 வயது. அதைத் திருத்தத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டுமா?
— வாசகர், கண்டி

பதில்: 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டிடங்களையே இயல்பாகத் தொல்பொருளாகக் கொள்கிறது. அதற்குப் பிற்பட்ட வீடு வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டிருந்தால் மட்டுமே அதன் அனுமதி தேவை. ஆயினும் கண்டி நகரம் 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் இருப்பதால், நகரின் பழைய பகுதியில் தங்கள் வீடு இருந்தால், முகப்பையோ கூரையையோ தொடுமுன் மாநகர சபையில் கேட்டு எழுத்தில் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய யன்னல்களின் வர்ணத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது.
— வாசகி, வெலிமடை

பதில்: குழந்தை இருக்கும் வீட்டில் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பெயின்ட்டில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய படைகளில், அதிலும் பளபளக்கும் மரப் பெயின்ட்டில், ஈயம் இருக்கும் என்றே கொள்ள வேண்டும். அந்தத் தூசி தரையில் படிந்து குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். யன்னற் கதவுகளைக் கழற்றி வெளியே கொண்டுபோய், நீர் தொட்டுத் தேய்க்கும் தாளால் மட்டும் தேய்த்து, வழிந்த சேற்றைத் துணியால் துடைத்துப் பையில் கட்டி அகற்றுங்கள். வர்ணம் உறுதியாக ஒட்டியிருக்கும் இடங்களைத் தேய்க்காமல் மேலேயே புதிதாக அடிக்கலாம். கண்ணாடியைச் சுற்றிய பழைய புட்டி உதிர்ந்திருந்தால், ஆளி விதை எண்ணெயில் குழைத்த புட்டியே மறுபடியும் வையுங்கள். சிலிக்கன் பசை வைத்தால் அடுத்த முறை கண்ணாடியை உடைக்காமல் எடுக்க இயலாது. வேலை முடியும்வரை குழந்தை பாட்டி வீட்டில் இருக்கட்டும்.